சிப் வாங்கும் முன் நாசிலைப் பார்

பொள்ளாச்சி,
ஞாயிறு இரவு

அன்புள்ள பாஸ்கர்,

இங்கே எல்லோரும் நலம். தங்கச்சிக்கு மாற்றல் கிடைத்த செய்தியை ரவி சொன்னான், ரொம்ப சந்தோஷம். அம்மாவின் முட்டி வலியும் குறைந்திருக்கிறதாம். பொங்கலுக்குப் பிறகு நீயும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. அந்தச் சண்டையை நேரில் வைத்துக்கொள்வோம். இப்போது அவசரமாக எழுதுவது ஒரே காரணத்துக்காக: உன் ஸ்கார்ப்பியோவின் பவரைக் கூட்டும் என்று நீ போனில் படம் அனுப்பினாயே, அந்தச் சிப்புக்கு இன்னும் பணம் கட்டவில்லை என்றால், கட்டாதே. கட்டிவிட்டாய் என்றால் திருப்பி அனுப்ப முடியுமா என்று பார்.

ஸ்டியரிங்குக்குக் கீழே, மெக்கானிக் கோளாறு பார்க்கக் கருவி மாட்டும் ஓ.பி.டி. சாக்கெட்டில் செருகினால் போதும், 35 சதவீதம் பவர் ஏறும் என்று போட்டிருக்கிறதே, அந்த வகைப் பெட்டியைப் பிரித்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். உள்ளே சில எல்.இ.டி. விளக்குகள், அவற்றை மினுக்க வைக்கும் ஒரு சின்ன சிப், அவ்வளவுதான். வண்டியின் கம்ப்யூட்டரோடு பேசுவதற்கு வேண்டிய பாகமே அதில் இல்லை. 'முதல் 200 கி.மீ. ஓட்டுங்கள், உங்கள் ஓட்டும் விதத்தைக் கற்றுக்கொள்ளும்' என்று எழுதியிருப்பார்கள். அந்தத் தூரத்துக்குள் நமக்கே வண்டி நன்றாக இழுப்பதுபோல் தோன்ற ஆரம்பித்துவிடும். கல்லூரியில் உன் எஸ்டி பைக்குக்கு சைலன்சர் மாற்றியதும் பத்து கிலோமீட்டர் வேகம் கூடிவிட்டது என்று ஹாஸ்டல் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாயே, அதே கதை. வாத்தியார் உன்னை ஏற்றிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்து என்ன சொன்னார் என்று நான் இங்கே எழுதமாட்டேன். உன் பையன் கடிதத்தைப் படித்துவிடுவான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஏற்காடு ஏறும்போது கொண்டை ஊசி வளைவில் இரண்டாம் கியரில் வண்டி செத்துவிடுகிறது, வளைந்து நிமிர்ந்த பிறகுதான் உயிர் வருகிறது என்கிறாய். மாமாவின் காபி மூட்டைகள் பின்னால் இருந்தால் இன்னும் மோசம். 20 வளைவு உனக்கு. எனக்கு அக்கா வீட்டுக்குப் போக ஆழியாறிலிருந்து வால்பாறை வரை 40. ஆகவே உன் வேதனை எனக்கு நன்றாகத் தெரியும்.

ஆனால் அந்த இடத்தில் என்ன நடக்கிறது என்று யோசி. உன்னிடமும் என்னிடமும் உள்ள ஸ்கார்ப்பியோவில் இருப்பது 2.2 லிட்டர் எம்ஹாக் டீசல் இன்ஜின், 120 குதிரைத்திறன், 290 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது இழுவை. அந்த 290 கிடைப்பது நிமிடத்துக்கு 1,800 சுற்றுக்கு மேல். வளைவில் திரும்பும்போது இன்ஜின் 1,200-க்கு இறங்கிவிடுகிறது. அங்கே டர்போ, அதாவது இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் விசிறி, இன்னும் போதிய காற்றைத் தள்ளவில்லை. காற்று இல்லாத இடத்தில் டீசலை மட்டும் கூட்டி ஊற்றினால் எரியாது, கறுப்புப் புகையாக வெளியே போகும். நீ எந்த இடத்தில் பவர் வேண்டும் என்கிறாயோ, சரியாக அந்த இடத்தில்தான் பெரும்பாலான சிப்புகள் எதுவும் செய்வதில்லை.

அப்படியானால் முன்பு ஏறியதே, எப்படி? புது வண்டியாக இருந்தபோது உன் அப்பா இதே வளைவுகளில் இதே இரண்டாம் கியரில், நாம் ஏழு பேர் உட்கார்ந்திருக்க, பாட்டுப் பாடிக்கொண்டு ஏற்றினார். அன்று இருந்த இழுவை எங்கே போனது? கேட்க வேண்டிய கேள்வி இதுதான், யாரும் கேட்பதில்லை. அந்த டர்போவுக்குள் வட்டமாகச் சின்னச் சின்ன இறகுகள் உண்டு. இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது அவை நெருங்கி வழியைக் குறுக்கும். புகை வேகமாகப் பாய்ந்து டர்போவைச் சீக்கிரம் சுழற்றும். பதினைந்து வருடக் கரி அதில் படிந்தால் இறகுகள் இறுகிப்போகும். முதலில் போவது கீழ்ச் சுற்று இழுவைதான். இறகுகளை அசைக்கும் பக்கத்தில் ஒரு ரப்பர் குழாய் வெடித்திருந்தாலும் அதே விளைவு. டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸில் மெல்லிய கிழிசல், புகையில் ஒரு பங்கை இன்ஜினுக்கே திருப்பி விடும் ஈ.ஜி.ஆர். வால்வு சரியாக மூடாமல் நிற்பது, அடைத்த ஏர் ஃபில்டர், சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில் தேய்ந்திருப்பது என்று இன்னும் எத்தனையோ. இவற்றில் எதையும் சிப் சரிசெய்யாது. நோயை மறைத்துவிட்டு அதன் மேலேயே கூடுதல் வேலையைச் சுமத்தும்.

நாசில் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் நீ இரண்டாவதாகக் கேட்டிருக்கும் பெட்டி அதோடு சம்பந்தப்பட்டது. இது முதலாவதைப் போல வெறும் விளக்கு இல்லை, உண்மையிலேயே வேலை செய்யும். எல்லா நாசிலுக்கும் டீசல் கொடுக்கும் பொதுக் குழாயான காமன் ரெயிலில் டீசல் அழுத்தத்தை அளக்க ஒரு சென்சார் இருக்கிறது. அழுத்தம் எவ்வளவு என்று அது வோல்ட்டேஜாகச் சொல்லும். இந்தப் பெட்டியை அதற்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் மாட்டுவார்கள். உள்ளே 1,400 பார் அழுத்தம் இருந்தால் பெட்டி 1,250 என்று சொல்லும். கம்ப்யூட்டர் நம்பிக்கொண்டு, குறைவாக இருக்கிறதே என்று பம்ப்பை இன்னும் விரட்டும். நாசில் திறக்கும் நேரம் அதேதான், அழுத்தம் கூடியதால் அதிக டீசல் பாயும். பவர் கூடும், சந்தேகமில்லை. ஆனால் இன்ஜினின் மூளைக்குத் தெரியாமல் கூடுகிறது. அது போடும் கணக்கு எல்லாம் பழைய அளவை வைத்துத்தான்.

நம் வண்டியின் சிஸ்டம் 1,600 பார் வரை தாங்கும்படி செய்தது. புதிதாக இருந்தபோது. இன்று உன் நாசில்கள் தேய்ந்து, சிலிண்டருக்குப் போக வேண்டிய டீசலில் ஒரு பங்கை ரிட்டர்ன் குழாய் வழியே டேங்குக்கே திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கலாம். அதை ஈடுகட்ட பம்ப் ஏற்கனவே மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும். அதன் மேல் இன்னும் 150 பார் ஏற்றினால் என்ன ஆகும்? பம்ப்புக்குள் இரும்புத் துகள் உதிர ஆரம்பித்தால் அது ரெயில், நாசில் என்று எல்லாவற்றையும் ஒன்றாகக் கொண்டுபோய்விடும். சிப்பின் விலையைப் போலப் பல மடங்கு செலவு அது.

ஆகவே முதலில் சேலத்திலேயே டீசல் பம்ப், நாசில் பார்க்கும் நல்ல கடைக்குப் போ. ரிட்டர்ன் டெஸ்ட் எடுக்கச் சொல். நான்கு நாசிலின் ரிட்டர்னிலும் நான்கு சின்ன பாட்டில் மாட்டி இன்ஜினை ஓடவிடுவார்கள். எது அதிகம் நிரம்புகிறதோ அதுதான் களவாணி. அரை மணி நேர வேலை. எல்லாம் ஒரே அளவில், குறைவாக நிரம்பினால் எனக்கு உடனே போன் செய், மேற்கொண்டு பேசலாம்.

ஆக்சிலரேட்டரோடு இணைக்கும் பெட்டி ஒன்றும் கேட்டிருந்தாய். அது நீ 30 சதவீதம் மிதித்தால் 50 மிதித்ததாக இன்ஜினுக்குச் சொல்லும். பவர் ஒரு குதிரைகூட ஏறாது, நீ கொஞ்சம் ஆழமாக மிதித்தாலே அதே பலன். உன் கால் நன்றாகத்தானே இருக்கிறது.

இதற்கு நடுவில் ரவியும் சிப் கேட்டான் தெரியுமா? அவன் குவாலிஸுக்கு! டர்போவும் இல்லை, எலக்ட்ரானிக் கண்ட்ரோலும் இல்லை, பம்ப் முழுக்க மெக்கானிக்கல். எங்கே போய் மாட்டுவது என்று அரை மணி நேரம் விளக்கினேன். 'அப்படின்னா மைலேஜுக்காவது ஏதாச்சும் சிப் சொல்லு' என்கிறான். மைலேஜ் பேச்சை நீயும் நம்பாதே. அதே வேகத்தில் அதே மேடு ஏற அதே அளவு டீசல்தான் எரியும். சிப் போட்டபின் மீட்டரில் மைலேஜ் கூடியதாகக் காட்டினால், கம்ப்யூட்டருக்குத் தெரியாமல் போகும் டீசலை அது கணக்கில் சேர்க்கவில்லை என்பதுதான் காரணம். டேங்க் நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பிக் கணக்குப் போட்டால்தான் உண்மை தெரியும்.

இப்போது என் வண்டி. எழுதும்போதே கை பரபரக்கிறது. டர்போவைக் கழற்றிச் சுத்தம் செய்து, இரண்டு நாசில் மாற்றி, ஹோஸ் மாற்றியதும் பாதி வண்டி திரும்பி வந்துவிட்டது. அப்படியே சில மாதம் ஓட்டிப் பார்த்தேன். குறை எதுவும் தலைகாட்டவில்லை என்று உறுதியான பிறகுதான் கோவையில் ரீமேப் செய்தேன். பெட்டி எதுவும் கிடையாது. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஃபைலையே எடுத்து, டீசல் அளவு, அது பாயும் நேரம், டர்போ அழுத்தம், டார்க் வரம்பு எல்லாவற்றையும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி மாற்றி எழுதுவது. மூளைக்குத் தெரிந்தே நடக்கும் மாற்றம். செய்பவனுக்கு நம் இன்ஜின் தெரிந்திருக்க வேண்டும், அதுதான் முக்கியம்.

எவ்வளவு வேண்டும் என்று அந்தப் பையன் கேட்டான். 150, 160 எல்லாம் போகலாம் என்றான். நான் சொன்னது 140 குதிரைத்திறன், 320 டார்க், அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். ஏன் அந்த எண்? மகிந்திராவே 2017-ல் ஸ்கார்ப்பியோவின் உயர்ந்த மாடல்களுக்கு இதே 2.2 எம்ஹாக்கில் அந்த அளவைத்தான் கொடுத்தது. 2011-ல் வந்த எக்ஸ்.யூ.வி. 500-லும் 140 குதிரை, 330 டார்க். செய்தவர்களே சோதித்துப் பார்த்து லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடட்டும் என்று விட்ட அளவு அது. அதிலும் ஒன்றைக் கவனி: அந்த வண்டிகளுக்கு ஆறு கியர் கொண்ட வேறு கியர்பாக்ஸ் கொடுத்தார்கள். நம்மிடம் இருப்பது பழைய ஐந்து கியர் பெட்டி. அதனால் கீழ்ச் சுற்றில் டார்க்கை ஒரேயடியாகத் தூக்கவேண்டாம், மெதுவாக ஏறட்டும் என்றும் சொன்னேன்.

பாஸ்கர், அதற்குப் பிறகு வால்பாறை ஏறினேன். ஒன்பதாவது வளைவில், வரையாடு பார்க்க எல்லோரும் வண்டியை நிறுத்துவார்களே, அங்கே நின்றுவிட்டு மேட்டிலேயே கிளம்பினேன். ஏசி ஓடுகிறது, அக்கா வீட்டுக்கு இரண்டு மூட்டை அரிசி, பின்னால் எல்லோரும். வண்டி திணறவே இல்லை. 1,500 சுற்றிலேயே கையைப் பிடித்து இழுப்பதுபோல் மேலே போனது. கொண்டை ஊசியில் முதல் கியர் கேட்கும் இடங்களில் இன்னமும் முதல் கியர்தான், அதை எந்தச் சிப்பும் மாற்றாது. ஆனால் வளைவு முடிந்து லாரியைத் தாண்டும் அந்த நூறு மீட்டர் இருக்கிறதே, அதில் இப்போது நெஞ்சு படபடப்பதில்லை.

கிளட்ச் பற்றி ஒரு புகார் உண்டு. பழைய பிளேட் கூடுதல் டார்க்கைத் தாங்கவில்லை, மூன்றாம் கியரில் முழுதாக மிதித்தால் சுற்று ஏறுகிறது, வண்டி ஏறவில்லை. புது செட் போட்டேன். உன் பட்ஜெட்டில் அதையும் சேர்த்துக்கொள். பிரேக்கும் அப்படித்தான். பின்னால் இன்னும் டிரம், வண்டி 1.8 டன்னை ஒட்டிய எடை. பவரைக் கூட்டிவிட்டுப் பழைய பேடோடு ஏற்காட்டிலிருந்து இறங்காதே.

இனி கொஞ்சம் கண்டிப்பாகவே எழுதுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரம் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அந்தப் பிரிவை இறுக்கமாகவே எடுத்துக்கொண்டது. 'யாருக்கும் தெரியாது சார்' என்று சொல்லும் ஆளிடம் வேலை கொடுக்காதே. விபத்து நடந்து, யாருக்காவது அடிபட்டு, இன்சூரன்ஸ்காரர்கள் வண்டியைப் பிரித்துப் பார்க்கும்போது தெரியும். நான் முதலில் இன்சூரன்ஸுக்கு எழுதிக் கொடுத்து, எழுத்தில் பதில் வாங்கிய பிறகுதான் கை வைத்தேன். நீயும் அப்படியே செய், ஆர்.டி.ஓ.விலும் கேள். அவர்கள் வேண்டாம் என்றால் டர்போவையும் நாசிலையும் சரிசெய்து அதோடு நிறுத்திக்கொள். சத்தியமாகச் சொல்கிறேன், அதுவே உனக்குப் போதும். புகைச் சோதனையையும் மறக்காதே. பி.எஸ்.3 மாசு விதியின்படி வந்த நம் வண்டிக்கு, புகையின் கறுப்பை அளக்கும் ஹார்ட்ரிட்ஜ் கணக்கில் வரம்பு 65. மலிவுப் பெட்டி மாட்டியவன் அங்கேதான் மாட்டுவான்.

இன்னொன்று. உன் பையன் லைசென்ஸ் வாங்கிவிட்டான், இனி மூட்டை ஏற்ற அவன்தான் போவான் என்று ரவி சொன்னான். அவன் கையில் வண்டி போகும் முதல் வருடம் எந்த மாற்றமும் வேண்டாம். மலையில் எப்போது முந்தலாம், எப்போது காத்திருக்க வேண்டும் என்பதை அவன் 120 குதிரையில் கற்றுக்கொள்ளட்டும். இதில் நான் உன்னோடு வாதாடத் தயாராக இருக்கிறேன்.

அப்பா ரிட்டயர்மென்ட் பணத்தில் எடுத்த வண்டி அது. 2030 வரை ஆர்.சி. புதுப்பித்துவிட்டாய், விற்கும் எண்ணம் இல்லை என்றும் தெரியும். எனக்கும் அந்த வண்டி மேல் பாசம் உண்டு, என் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்பு அதில்தான். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். வேறு யாராவது கேட்டிருந்தால் 'ஏதோ ஒன்றை மாட்டிக்கொள்' என்று விட்டிருப்பேன்.

ரீமேப் செய்வது என்று முடிவெடுத்தால் இவ்வளவையும் கேட்டு வாங்கு: பழைய ஃபைலின் நகல் உன் கையில் இருக்க வேண்டும், வேண்டாம் என்றால் அதையே திரும்ப ஏற்றித் தர வேண்டும், வண்டியின் பவரை அளக்கும் டைனோ மெஷினில் மாற்றும் முன் ஒரு கோடு, மாற்றிய பின் ஒரு கோடு எடுத்துத் தர வேண்டும். ஈ.ஜி.ஆரை அடைத்துவிடலாம் என்று யோசனை சொன்னால் ஒப்புக்கொள்ளாதே. என்னிடம் 22,000 வாங்கினார்கள், கிளட்ச் தனி.

அடுத்த மாதம் இரண்டாம் சனிக்கிழமை எனக்கு ஈரோட்டில் ஒரு வேலை இருக்கிறது. முடித்துவிட்டு அப்படியே சேலம் வருகிறேன். அன்றைக்கு நாசில் கடையில் நேரம் சொல்லி வை, சேர்ந்து போகலாம். டேங்கில் பாதிக்கு மேல் டீசல் இருக்கட்டும். மாமாவிடம் காபிக் கொட்டை இரண்டு கிலோ எடுத்து வைக்கச் சொல், போன தடவை மாதிரி ரவி தூக்கிக்கொண்டு போய்விடப் போகிறான்.

அன்புடன்,
செல்வம்