பெயர்ப் பட்டியலில் ஒரு வரி

நைஜீரிய தடகளச் சம்மேளனத்தின் மதிப்பிற்குரிய பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். நைஜீரிய ஓட்ட வீராங்கனை ஃபேவர் ஒஃபிலி இனித் துருக்கிக்காக ஓட விரும்புகிறார் என்ற செய்தி 2025 ஜூனில் வந்தபோதே எழுத நினைத்த மடல் இது. முன்கதை உங்களுக்குத் தெரியும். நான் கேட்பது ஒன்றே ஒன்று: பதிவுக் கெடு முடியுமுன், யார் யார் பெயர் எந்தப் பந்தயத்துக்குப் போயிருக்கிறது என்ற நகலை அந்தந்த வீராங்கனையின் கையில் கொடுங்கள்.

பாரிஸ் ஒலிம்பிக்கில் பெண்கள் 100 மீட்டர் தொடங்கிய நாள் 2024 ஆகஸ்ட் 2. அதற்குச் சில நாள்களே இருந்தபோது, தகுதி பெற்றிருந்தும் தன் பெயர் பதிவாகவில்லை என்று ஒஃபிலியே உலகுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. காலில் காயமில்லை. வேகத்தில் குறையில்லை. தாளில் ஒரு வரி இல்லை, அவ்வளவுதான். தவறு உங்களுடையதா, நைஜீரிய ஒலிம்பிக் குழுவினுடையதா என்ற வழக்குக்குள் நான் வரவில்லை. ஓட முடியாமல் போனது அவருக்குத்தான்.

அந்த மனநிலையோடு 200 மீட்டர் ஓடி இறுதிப் போட்டிக்குப் போனார். 22.24 விநாடி, ஆறாவது இடம். வெண்கலம் 22.20-க்குப் போனது. 0.04 விநாடியில் யாராலும் ஒரு பெயரை எழுத முடியாது, ஒப்புக்கொள்கிறேன். உங்களுக்கோ மாதக்கணக்கில் அவகாசம் இருந்தது.

இது முதல் முறையாக இருந்தால் மறந்திருக்கலாம். 2021-இல் டோக்கியோவில், முன்னறிவிப்பில்லாத ஊக்கமருந்துச் சோதனைகள் மூன்று நடந்திருக்க வேண்டும் என்ற விதி நிறைவேறாததால் உங்கள் அணியில் பத்துப் பேர் களமிறங்க முடியாமல் போயிற்று. பதினெட்டு வயது ஒஃபிலியும் அதில் ஒருவர். இன்னொருவர் அனெட் எச்சிகுன்வோக்கே. பாரிஸில் சங்கிலிக் குண்டு எறிதலில் வெள்ளி வென்றார், அமெரிக்கச் சீருடையில். வாழ்த்துத் தந்தி அனுப்பினீர்களா?

விமானத்தில் ஏறும் அதிகாரிகள் பட்டியலில் மட்டும் எவர் பெயரும் விடுபட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஒருவேளை அந்தப் பட்டியலைத் தயாரிப்பவரிடமே இந்த வேலையையும் ஒப்படைக்கலாம்.

மன்னிக்கவும், கோபத்தில் வார்த்தை தடித்துவிட்டது. பணிவோடு மீண்டும் கேட்கிறேன்: 2028-இல் லாஸ் ஏஞ்சலிஸுக்குப் பெயர்களை அனுப்புமுன், அந்த நகல் ஓடுகிறவர்களின் கைக்குப் போய்ச் சேரட்டும். விடுபட்ட பெயரை அவர்களே கண்டுபிடித்துச் சொல்லிவிடுவார்கள்.

இப்படிக்கு,
தடகளத்துக்காக இரவில் விழித்திருக்கும் ஒரு தமிழ் ரசிகை