ஏபிஎஸ் விளக்கு: சென்சாரை மாற்றும் முன் வயரைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய வண்டிகளின் பராமரிப்பு குறித்துத் தங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில் வெளியான கட்டுரையைப் படித்தேன். பயனுள்ள செய்திகள் பல இருந்த அந்தக் கட்டுரையில், ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) எச்சரிக்கை விளக்கு எரிந்தால், கோளாறு காட்டும் சக்கரத்தின் வேகத்தை அளக்கும் சென்சாரை மாற்றிவிட வேண்டும் என்று ஒரே வரியில் சொல்லி முடித்திருந்தார்கள். விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும் வண்டிக்கு அந்த யோசனை சில வேளைகளில் பொருந்தலாம். எரிவதும் தானே அணைவதுமாகப் போக்குக் காட்டும் கோளாறுக்கு, அதிலும் சேற்றிலும் ஓடை நீரிலும் கற்பாதையிலும் இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்த ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்கு, அது பொருந்தவே பொருந்தாது என்பதை என் வண்டியில் நேர்ந்ததைக் கொண்டு விளக்க விரும்புகிறேன்.

என் வண்டியில் விளக்கு எரிந்தபோது, பட்டறையில் கோளாறுக் குறியீடுகளைப் படிக்கும் ஸ்கேனரை இணைத்துப் பார்த்தார்கள். முன் இடது சக்கர சென்சார் சர்க்யூட்டில் கோளாறு என்று குறியீடு வந்தது. சென்சாரை மாற்றினார்கள், விளக்கு அணைந்தது. இரண்டு வாரம் கழித்து மீண்டும் எரிந்தது. புதிய சென்சாரே பழுதாக இருக்கும் என்று இன்னொன்றை மாற்றினார்கள். மறுபடியும் சில நாள் நிம்மதி, மறுபடியும் விளக்கு. கடைசியில், சென்சார்களின் தகவலைப் பெறும் ஏபிஎஸ் கட்டுப்பாட்டுப் பெட்டியையே மாற்ற வேண்டும் என்றார்கள். அங்கேதான் நான் நிறுத்திக்கொண்டேன்.

அதன் பிறகு விளக்கு எரியும் ஒவ்வொரு முறையும், அப்போது வண்டி என்ன வேகத்தில் போனது, ஸ்டீயரிங் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது, தடம் ஈரமா உலர்ந்ததா என்று ஒரு குறிப்பேட்டில் எழுதத் தொடங்கினேன். பதினொரு முறை எழுதியதில் ஒன்பது முறை, மெதுவான வேகத்தில் ஸ்டீயரிங்கை வலப்பக்கம் முழுதாக ஒடித்துத் திருப்பும்போதுதான் விளக்கு எரிந்திருந்தது. ஸ்கேனர் சொல்லாத இந்தச் செய்தியை அந்தக் குறிப்பேடுதான் சொன்னது.

வாகன மின்பணியில் அனுபவமுள்ள ஒருவரிடம் குறிப்பேட்டைக் காட்டியபோது, அவர் சென்சாரைத் தொடவே இல்லை. சாவியை அணைத்து, கட்டுப்பாட்டுப் பெட்டியின் பிளக்கைக் கழற்றி, அந்த முனையில் மல்டிமீட்டரை வைத்தார். அங்கிருந்து அளந்தால் சென்சார் மட்டுமல்லாமல் அதுவரை செல்லும் வயர் முழுவதும் சோதனைக்குள் வந்துவிடும். ஸ்டீயரிங் நேராக இருந்தபோது மீட்டர் 1,100 ஓம் மின்தடை காட்டியது. நான் ஸ்டீயரிங்கை மெல்ல வலப்பக்கம் திருப்ப, எண் தடுமாறி, ஒரு கட்டத்தில் இணைப்பே இல்லை என்று காட்டியது. நேராக்கியதும் 1,100 திரும்பி வந்தது. சக்கர வளைவுக்குள், வயரைப் பிடித்திருக்கும் கிளிப்புக்கு அடுத்து விரல் அகலத்தில், வயரின் மேலுறை சற்றே உப்பியிருந்தது. வெடிப்போ கிழிசலோ இல்லை. கத்தியால் கீறிப் பார்த்தால் உள்ளே செம்பு பச்சைப் பொடியாக உதிர்ந்தது. முறுக்கில் மிச்சமிருந்தவை இரண்டு மூன்று இழைகள்தான். வண்டியை நேராக ஓட்டும்போது அவை ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன, ஒடித்துத் திருப்பும்போது விலகின.

இங்கே வாசகர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பழுது, சென்சாரோடு வரும் சிறு வயரில் இல்லை; அதன் கனெக்டரைத் தாண்டி, வண்டியோடு இருக்கும் வயரில் இருந்தது. ஆகவே எத்தனை சென்சார் மாற்றினாலும் அது தீர வழியே இல்லை. ஆனால் ஒவ்வொரு முறை சென்சாரை மாற்றும்போதும் கனெக்டரைப் பிடித்து இழுத்ததில் அந்த அறுந்த இழைகள் இடம் மாறி, சில நாள்களுக்கு மீண்டும் ஒட்டிக்கொண்டன. விளக்கு அணைந்ததைக் கண்டு, சென்சார்தான் காரணம் என்று பட்டறையில் இருந்தவர்களும் நம்பினார்கள், நானும் நம்பினேன். விட்டுவிட்டு வரும் கோளாறில், வேலை முடிந்ததும் விளக்கு அணைந்ததைச் சான்றாகக் கொள்ளவே கூடாது. எந்தச் சூழ்நிலையில் கோளாறு வந்ததோ அதே சூழ்நிலையை வரவழைத்து, அப்போதும் வரவில்லை என்று பார்த்த பிறகே வண்டியை ஒப்படைக்க வேண்டும்.

குறியீடு சர்க்யூட்டைத்தான் சொல்கிறது, பொருளைச் சொல்வதில்லை. பழைய வண்டிகளில் பெரும்பாலும் இருப்பது காந்தமும் கம்பிச்சுருளும் கொண்ட சென்சார். ஹப்போடு (சக்கரத்தைத் தாங்கும் நடுப்பகுதி) சுற்றும் பல்வளையத்தின் பற்கள் அதன் முனையைக் கடக்கும்போது அதில் மின்னழுத்தம் எழுகிறது. வேகம் குறையக் குறைய அதுவும் குறைகிறது. அதனால் வளையத்துக்கும் சென்சாருக்கும் இடையிலுள்ள மயிரிழை இடைவெளி சிறிது கூடினாலும், பாதிப்பு முதலில் மெதுவான வேகத்தில்தான் தெரியும். சக்கர பேரிங்கில் ஆட்டம், வளையத்தில் துரு, சென்சார் முனையில் ஒட்டிய இரும்புத்தூள் ஆகிய மூன்றுமே இதைச் செய்யும். வண்டி நிற்கப்போகும் கடைசி நொடியில் காரணமில்லாமல் பிரேக் பெடல் காலடியில் அதிர்ந்தால், விளக்கு எரியாவிட்டாலும் இதைச் சந்தேகிக்க வேண்டும். ஸ்கேனரில் நான்கு சக்கரங்களின் வேகத்தையும் வரைபடமாக வைத்துக்கொண்டு, நேரான பாதையில் மெல்ல நிறுத்திப் பார்த்தால், எந்தச் சக்கரம் மற்றவற்றுக்கு முன்பாகவே பூஜ்யத்துக்கு விழுகிறது என்பது தெரிந்துவிடும்.

விளக்கு எப்போது எரிகிறது என்பதும் ஒரு துப்பு. இவ்வகை அமைப்புகள் பெரும்பாலானவற்றில், வயர் முழுதாக அறுந்திருந்தால் சாவியைத் திருப்பி நின்ற நிலையிலேயே கட்டுப்பாட்டுப் பெட்டி கண்டுபிடித்துவிடும்; என் வண்டியைப் போல ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது என்றில்லாமல், சக்கரம் உருண்ட பிறகுதான் எரிகிறது என்றால் இடைவெளி, வளையம், பேரிங் ஆகியவற்றின் பக்கம் போகலாம். ஒரே நேரத்தில் பல சக்கரங்களுக்குக் குறியீடு வந்தால், நான்கு சென்சார்களும் ஒன்றாகக் கெட்டுப்போயின என்று எண்ணுவதைவிட, அவற்றுக்குப் பொதுவான எர்த் இணைப்பையும் பேட்டரி மின்னழுத்தத்தையும் முதலில் பார்ப்பதே முறை.

மல்டிமீட்டரை எடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நான் சொன்ன ஓம் அளவீடு கம்பிச்சுருள் சென்சாருக்கு மட்டுமே உரியது. பின்னாளில் வந்த, உள்ளேயே மின்னணுச் சில்லு கொண்ட சென்சாரை அப்படி அளந்தால் அதற்குச் சேதம் ஏற்படலாம். கம்பிச்சுருளிலும் சரியான அளவு வண்டிக்கு வண்டி மாறும். கையேடு இல்லாதவர்கள் அதே அச்சின் மறுபக்க சென்சாரோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். மீட்டர் முள்ளை வயரின் உறையில் குத்தி அளக்கும் பழக்கம் பல பட்டறைகளில் இருக்கிறது. தண்ணீரில் இறங்கும் வண்டியில் அந்தத் துளை வழியே ஈரம் நுழைந்து, நான் மேலே சொன்ன பச்சைப் பொடியை அங்கேயும் உண்டாக்கிவிடும்.

தொல்லை தாங்காமல் சிலர் எச்சரிக்கை விளக்கின் பல்பையே கழற்றிவிடுகிறார்கள் என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. ஏபிஎஸ் விளக்கு மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் பொதுவாக வேலை செய்யும். ஆனால் அழுத்திப் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கக்கூடும் என்பதை ஓட்டுபவர் அறிந்திருக்க வேண்டும். அதோடு சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் வண்டியைப் பாதுகாப்பாக ஓரங்கட்டிவிட்டுச் சோதிக்க வேண்டும். பல்பைக் கழற்றிய வண்டியை அடுத்து வாங்கி ஓட்டப்போகிறவருக்கு இந்த இரண்டுமே தெரியாமல் போய்விடும்.

என் வண்டியில் கெட்டுப்போன பகுதியை வெட்டி எடுத்து, அதே தடிமனில் புதிய வயரை ஈயம் வைத்து இணைத்து, பசையுள்ள சுருங்கும் குழாயால் மூடினோம். இணைப்பு வளைவில் விழாதபடி கிளிப்பையும் சற்றுத் தள்ளி வைத்தோம். இரண்டு மழைக்காலம் கடந்துவிட்டது. கழற்றி வைத்த பழைய சென்சார்கள் இரண்டையும் பிறகு அளந்து பார்த்தோம். இரண்டிலும் எந்தக் குறையும் இல்லை.

தங்கள் வாகனப் பக்கத்தில் இதே பொருள் மீண்டும் வரும்போது, சென்சாரை மாற்றச் சொல்லும் வரிக்கு முன்பாக வயரையும் பேரிங்கையும் பல்வளையத்தையும் சோதிக்கும் முறையையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகர்