முழு அறிக்கையையும் தமிழில் கொடுங்கள்

மத்திய சுற்றுச்சூழல், வனம் மற்றும் காலநிலை மாற்ற அமைச்சகத்துக்கு,

வணக்கம். பாலாற்றுப் பகுதியிலிருந்து எழுதுகிறேன். கேடு வரும் என்று முழுதாக நிரூபணமாகும் வரை காத்திராமல் முன்பே தடுக்க வேண்டும் என்ற முன்னெச்சரிக்கைக் கோட்பாடும், மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்ற விதியும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் அறிவித்தது எங்கள் வேலூர் வழக்கில்தான். அதற்குள் தோல் தொழிற்சாலைகளின் கழிவால் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பகுதியாகவோ பாழாகியிருந்தது. அந்தக் கணக்கு தீர்ப்பிலேயே இருக்கிறது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கொடுங்கள் என்று 2025 ஜனவரியிலும் அதே நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. கெட்ட பிறகு நிலத்தை மீட்பது எவ்வளவு கடினம் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

அதனால் கெடுவதற்கு முன்பு, ஒரு திட்டத்துக்கு அனுமதி தருமுன் ஊர் மக்களிடம் நடக்கும் கருத்துக்கேட்புக் கூட்டத்தைப் பற்றியே பேச விரும்புகிறேன். உங்கள் 2006 அறிவிக்கையின்படி, சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையின் சுருக்கம் மட்டும் உள்ளூர் மொழியில் வந்தால் போதும். நிலத்தடி நீர் எத்தனை அடியில் இருக்கிறது, கழிவுநீர் எந்த ஓடையில் சேரும், காற்று எந்தப் பக்கம் வீசும் என்பதெல்லாம் நூற்றுக்கணக்கான பக்க ஆங்கில அறிக்கைக்குள் இருக்கின்றன. அந்த ஓடையில் தண்ணீர் எந்த மாதம் வரும் என்று அறிந்த விவசாயியால் அதைப் படிக்க முடியாது. தவறு இருந்தால் சுட்டிக்காட்டக்கூடியவர் அவர்தானே! அறிக்கையை எழுதும் ஆலோசனை நிறுவனத்துக்குக் கூலி கொடுப்பதும் திட்டத்தைக் கொண்டுவரும் நிறுவனமே. அப்படியிருக்க, சரிபார்க்கும் கண்கள் வெளியில்தான் இருக்க வேண்டும்.

இன்னொன்று. கூட்டத்துக்குக் குறைந்தபட்ச வருகை என்று எதுவும் தேவையில்லை என்கிறது அதே அறிவிக்கை. யாரும் வராவிட்டாலும் கூட்டம் நடந்ததாகிவிடும்.

2020இல் அந்த அறிவிக்கைக்குப் பதிலாகப் புதிய வரைவு கொண்டுவந்தபோது, மக்கள் கருத்துச் சொல்ல இருந்த 30 நாளை 20 ஆகக் குறைக்கப் பார்த்தீர்கள். அந்த வரைவை அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகள் அனைத்திலும் வெளியிடச் சொன்னது டெல்லி உயர் நீதிமன்றம். அதை எதிர்த்து அரசு உச்ச நீதிமன்றம் வரை போனது எனக்கு மிகுந்த வேதனை தந்தது. மொழிபெயர்ப்புச் செலவு ஒரு தொழிற்சாலையின் முதலீட்டில் எந்த மூலைக்கு?

நான் கேட்பது இதுதான். 2006 அறிவிக்கையைத் திருத்துங்கள். முழு அறிக்கையும் மாநில மொழியில், கூட்டத்துக்கு 60 நாள் முன்பே, பாதிக்கப்படும் ஒவ்வொரு ஊராட்சி அலுவலகத்திலும் அச்சுப் பிரதியாக இருக்க வேண்டும். அது இல்லாமல் நடத்தப்படும் கூட்டம் செல்லாது என்று எழுதுங்கள்.

இப்படிக்கு,
பாலாற்றுப் பகுதிவாசி ஒருவர்