இடுப்பு 33

ராசா,

நீ கேட்ட பேண்ட் இரண்டும் இந்தப் பார்சலில் இருக்கு. இடுப்பு 33, உயரம் பழைய 40. அம்மா அல்வா வைக்கப் பார்த்தாள், நான்தான் எடுத்து வெளியே வைத்தேன். சுண்டவற்றல் வைத்திருக்கிறாள். ஆற்றில் தண்ணீர் நன்றாகப் போகிறது. ஆனித் தேருக்கு அக்கா பிள்ளைகளோடு வருகிறாள்.

33 என்றுதானே எழுதினாய்? தையில் வந்தபோது நானே டேப் பிடித்தேன், 38. நாற்பது வருசமாக டேப் பிடிக்கிறேன், ஐந்து மாசத்தில் ஐந்து இஞ்சு இறங்கின ஆளை அதிகம் பார்த்ததில்லை. நடக்கிறாயா? நட. ஆம்பிளைக்கு இடுப்பு 90 சென்டிமீட்டருக்குள் இருக்கணும் என்று ஐகிரவுண்டு ஆஸ்பத்திரி டாக்டரம்மா சொன்னபோது, முப்பத்தைந்தரை இஞ்சு என்று மனசுக்குள் போட்டுக்கொண்டேன். அந்தக் கணக்குக்கு நீ ஜெயித்துவிட்டாய். பெருமையாகத்தான் இருக்கு.

நாலு நாளாகப் போனை எடுக்கவில்லை. வேலை இருக்கும், சரி. பெற்றவனுக்கு ஒரு வார்த்தை சொல்ல எத்தனை நேரமாகும்?

சுகர் பார்த்தாயா? வெறும் வயிற்றில் ஒன்று, மூன்று மாசச் சராசரி ஒன்று, கொழுப்பு ஒன்று. மூன்றையும் பார்த்து சீட்டை அனுப்பு. ஓலன்சபைன், அதுதான் மனசுக்காக நீ போடுகிற ராத்திரி மாத்திரை, அதைப் போடுகிறவர்களுக்கு உடம்பு ஏறாவிட்டாலும் சுகர் வரலாமாம். மெட்ஃபார்மினைச் சாப்பாட்டோடு போடு, இல்லாவிட்டால் வயிறு புரட்டும். நடப்பதை விடாதே.

ராத்திரி மாத்திரை தீர்ந்திருந்தால் சொல், இங்கே வாங்கி அனுப்புகிறேன். அவ்வளவுதான் கேட்கிறேன்.

அக்கா கல்யாணத்துக்கு உனக்குக் கோட்டு தைத்தேனே. மாத்திரை தொடங்கி மூன்று மாசத்தில் 12 கிலோ ஏறியிருந்தாய். ராத்திரி ஒரு மணிக்கு அடுக்களையில் சோற்றுப்பானை மூடி நகரும் சத்தம் கேட்கும். அந்தப் பசியைக் கிளப்புவதே மாத்திரைதான் என்று அப்போது எனக்குத் தெரியாது. "வேலவெட்டி இல்லாம தின்னா இப்படித்தாம்ல" என்று கத்தினேன். கோட்டை இரண்டு தடவை பிரித்துவிட்டேன். மூன்றாவது தடவை பிரிக்க உள்ளே துணி இல்லை. சம்பந்தி வீட்டார் என்ன சொல்வார்களோ என்று, தையல் பிரிக்கிற அதே பிளேடால் உன் மாத்திரையைப் பாதியாக வெட்டினேன். டாக்டர்தான் குறைக்கச் சொன்னார் என்று சொல்லிக் கொடுத்தேன். ஒரு மாசம் அப்படித்தான் கொடுத்தேன்.

மறுவீட்டுச் சொதிச் சாப்பாட்டுக்கு நீ பந்தியில் இல்லை, ஆஸ்பத்திரியில் கிடந்தாய். மாத்திரை விட்டுப்போச்சா என்று அங்கே கேட்டார்கள். "இவந்தான் ஒழுங்காப் போடல" என்றேன். நீ என்னைப் பார்த்தாய். ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவுக்கு இன்றைக்கு வரை தெரியாது. உனக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியாது.

உடம்பு ஏறுவது பிடிக்கவில்லை என்றால் டாக்டரம்மாவிடம் சொல். அவ்வளவு எடை ஏற்றாத மாத்திரையும் இருக்கு, பார்த்து மாற்றலாம் என்று அவர்களே சொன்னார்கள். அது அவர்கள் கையால் நடக்கட்டும். உன் அப்பன் செய்த வேலையை நீ செய்யாதே.

பேண்டுக்குப் பின்பக்கம் இரண்டு இஞ்சு துணி உள்ளே மடித்து விட்டிருக்கேன். வேண்டும்போது பிரித்துக்கொள்ளலாம்.

போனை எடு.

அப்பா