மூன்றாவது வாரம் பையன் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் பத்திரிகையில் ஒரு படம் பார்த்தேன். திறன் பயிற்சி நிலையம் ஒன்றில் புதிய மாணவர் சேர்க்கை, நடுவில் பொன்னாடையோடு பிரமுகர், பின்னால் நிலையத்தின் டீ-சட்டை போட்ட முப்பது முப்பத்தைந்து பையன்கள். இந்த மாதிரிப் படங்களில் ஓரமாக நானும் ஆறு வருஷம் நின்றிருக்கிறேன், பயிற்றுநராக. அந்த உரிமையில் கேட்கிறேன், அதே பையன்களை ஆறு மாதம் கழித்து அதே இடத்தில் நிற்க வைத்து இன்னொரு படம் எடுத்துப் போட முடியுமா? எங்கள் நிலையத்தில் எடுத்திருந்தால் பிரமுகர் கையை வீசி நடக்கலாம், அவ்வளவு இடம் காலியாக இருந்திருக்கும்.

பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். வீட்டில் சும்மா உட்கார முடியாமல் செபராங் பிறையில் ஒரு தனியார் நிலையத்தில் மின் வயரிங் சொல்லிக்கொடுக்கப் போனேன். ஐந்தாம் படிவத்து எஸ்.பி.எம். தேர்வு முடித்தவர்கள், எழுதியும் தேறாதவர்கள், எழுதாமலே விட்டவர்கள் என்று எல்லாரும் வருவார்கள். மலேசியத் திறன் சான்றிதழுக்கு, அதாவது எஸ்.கே.எம்.முக்கு, எஸ்.பி.எம். தேர்ச்சி கட்டாயமில்லை, அதுதான் அதில் உள்ள பெரிய நல்ல விஷயம். முதல் நிலையில் தொடங்கி மூன்றாம் நிலை வரை ஏறலாம், அதற்கு மேல் டிப்ளோமா, உயர் டிப்ளோமா என்று ஐந்தாம் நிலை வரை வழி இருக்கிறது. வழி இருக்கிறது, சரி. நடக்க வேண்டியவன் மூன்றாவது வாரத்திலேயே காணாமல் போகிறானே, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

"நம்ம பசங்களுக்குப் பொறுமை இல்ல, சோம்பேறிங்க" என்று நிலையத்திலும் சொல்வார்கள், கோயில் கூட்டத்திலும் சொல்வார்கள். முதல் வருஷம் நானும்தான் சொன்னேன். அப்புறம் ஒரு நாள் ஓர் அம்மா போன் செய்தார். "சார், என் மகன் சாப்பாடு கட்டிக்கொடுத்தா வேணாங்கிறான், உங்க கேன்டீன்ல என்ன சாப்பாடு போடுறீங்க?" எங்கள் நிலையத்தில் கேன்டீனே கிடையாது. அது இருக்கட்டும், அவர் மகன் வகுப்புக்கு வந்தே பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. "அவன் வர்றதில்லையேம்மா" என்றதும் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. தினமும் காலை ஏழரைக்கு சேப்டி பூட்ஸ் மாட்டிக்கொண்டு வீட்டிலிருந்து கிளம்பியிருக்கிறான். அண்ணனுடைய பழைய பூட்ஸ், ஒரு சைஸ் பெரியது, முன்பக்கம் செய்தித்தாளைத் திணித்துப் போட்டுக்கொள்வான். அதோடு நேராகக் கார் கழுவும் கடைக்குப் போய்விட்டு, சாயங்காலம் ஐந்தரைக்கு வகுப்பு முடிந்த மாதிரி வீட்டுக்கு வந்திருக்கிறான். நாள் கூலி 50 வெள்ளி. சோம்பேறியாக இருந்தால் பத்தொன்பது நாள் வெயிலில் நின்று கார் கழுவுவானா?

வருகைப் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே 'வரவில்லை' என்று அத்தனை நாளும் எழுதியது நான்தான். ஒரு தடவைகூட வீட்டுக்குப் போன் போடவில்லை. அது அலுவலகத்தின் வேலை என்று நான் நினைத்தேன், வகுப்பு எடுப்பவர் பார்த்துக்கொள்வார் என்று அலுவலகம் நினைத்தது.

அவனைத் தேடிப்பிடித்து ஒரு மாமாக் கடையில் உட்கார வைத்துக் கேட்டேன். ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டே கணக்குச் சொன்னான். நிபோங் திபாலிலிருந்து வந்துபோக மோட்டாருக்கு எண்ணெய், மதியச் சாப்பாடு, ஒரு தண்ணீர், எல்லாம் சேர்த்து நாளைக்கு 12 வெள்ளி. மாதத்துக்கு 250ஐத் தாண்டும். அப்பா இல்லாத வீடு, தம்பி தங்கை படிக்கிறார்கள். திறன் மேம்பாட்டு நிதிக் கழகத்தில் கடன் கிடைக்கும் என்று சேர்க்கும்போது சொல்லியிருந்தார்கள். "கிடைக்கும்னு சொன்னாங்க சார், எப்பன்னு சொல்லல" என்றான். எனக்குத் தெரிந்து விண்ணப்பம் போய்ப் பணம் வருவதற்குள் மாதங்கள் ஓடிவிடும், அதுவரை எண்ணெய்க் கடையில் கடன் சொல்ல முடியுமா? இன்னொன்றும் சொல்ல வேண்டும், அது கடன். திருப்பிக் கட்ட வேண்டிய பணம். பல தாய்மார்கள் அதை அரசாங்க உதவி என்றே நினைத்துக் கையெழுத்துப் போடுகிறார்கள், சேர்க்கிறவர்களும் அதைத் திருத்துவதில்லை. பையன் பாதியில் நின்றால் சான்றிதழும் இல்லை, தலையில் கடனும் ஏறிவிடும்.

அடுத்த கணக்கு சம்பளம். 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆகிவிட்டது, நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. பத்து காவான் பக்கம் ஏஜெண்டு மூலம் தொழிற்சாலைக்குப் போகிற பையனுக்கு எந்தச் சான்றிதழும் இல்லாமலே அது கிடைக்கிறது, மேலே ஓவர்டைம், ஷிப்ட் காசு வேறு. மூன்றாம் நிலை முடித்து வருகிறவனுக்கு, வயரிங் வேலை எடுத்துச் செய்யும் குத்தகைக்காரர் ஒருவர் என் முன்னாலேயே சொன்ன சம்பளம் 1,800. நூறு வெள்ளி வித்தியாசத்துக்கு ஒன்றரை வருஷம் பட்டினி கிடக்கச் சொல்கிறோம் நாம். மூன்று நான்கு வருஷம் தள்ளி எரிசக்தி ஆணையத்தின் வயர்மேன் தகுதிச் சான்றிதழும் வாங்கிவிட்டால் கதை வேறு, தெரிந்தவர்களுக்குத் தெரியும். என் பழைய மாணவர்கள் இருவர் இன்று சொந்த வேன் வைத்துக் குத்தகை எடுக்கிறார்கள். ஆனால் அந்த நான்கு வருஷத்தை யாரும் பதினெட்டு வயசுப் பையனிடம் வெள்ளிக் கணக்கில் போட்டுக் காட்டுவதில்லை, தொழிற்பயிற்சிக் கல்விக்குத் திவெட் என்று பேர் சொல்லி, "திவெட்தான் எதிர்காலம்" என்று பேனர் கட்டுவதோடு சரி. அந்த இருவரையும் ஒரு தடவை வகுப்புக்குக் கூட்டிவந்தேன். பையன்கள் கேட்ட முதல் கேள்வி, வேனுக்கு மாதத் தவணை எவ்வளவு என்பதுதான். நான் ஆறு வருஷத்தில் கேட்ட கேள்விகளில் அதுதான் நல்ல கேள்வி.

பூட்ஸ் பையன் திரும்பி வரவில்லை. அவன் போட்ட கணக்கு சரியாகத்தான் இருந்தது, அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை.

பணம் மட்டும் காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. எங்கள் நிலையத்தில் முதல் மாதம் முழுக்கத் தகவல் தாள், பணித்தாள், பாதுகாப்பு விதிகள், எல்லாம் மலாயில், எல்லாம் உட்கார்ந்து எழுதுவது. பள்ளியில் பின்வரிசையில் உட்கார்ந்து எதற்குப் பயந்து ஓடிவந்தானோ அதையே பெயர் மாற்றி முன்னால் வைத்தால் அவன் மறுபடியும் ஓடத்தானே செய்வான்? தாள்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை, மதிப்பீட்டுக்கு அவை வேண்டும். வரிசையை மாற்றலாம் அல்லவா. மூன்றாவது வருஷம் நானாகவே மாற்றினேன், மேலிடத்தில் சொல்லவில்லை. முதல் நாளே கையில் பிளையர். மரப்பலகையில் இரண்டு சுவிட்ச், ஒரு பல்பு, மாடிப்படி விளக்கு மாதிரி கீழே போட்டு மேலே அணைக்க வேண்டும், அதற்குப் பேர் டூவே. வயரின் தோலைச் சீவும்போது உள்ளே செம்பில் வெட்டு விழக்கூடாது, அதற்கே அரை நாள் போய்விடும். நான் சோதித்துப் பார்க்காமல் யாரும் கரண்ட் கொடுக்கக் கூடாது என்பது மட்டும்தான் அன்றைய பாதுகாப்புப் பாடம். மூன்றாவது நாள் சாயங்காலம் பல்பு எரிந்தபோது ஒரு பையன் மேலும் கீழும் இருபது தடவை தட்டிப் பார்த்தான். அவனுடைய பாட்டி இருக்கும் பிளாட்டில் நடைவழி விளக்குக்கு வாசல் பக்கம் மட்டும்தான் சுவிட்ச், கிழவி இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு அறைக்குப் போகும். "நம்ம வீட்டுல இதப் போடலாமா சார்?" லைசென்ஸ் இல்லாதவன் வீட்டு வயரிங்கில் கை வைக்கக் கூடாது, அதனால் ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் போனேன். அந்தப் பையன் அதற்கப்புறம் ஒரு நாள்கூட வகுப்புக்கு வராமல் இருந்ததில்லை. அந்தத் தொகுதியில் கடைசி வரை நின்றவர்களும் முந்தைய தொகுதியைவிட அதிகம்.

2005இல் தொடங்கிய தேசிய இரட்டைப் பயிற்சி முறை என்று ஒன்று நம் நாட்டில் இருக்கிறது, எஸ்.எல்.டி.என். என்பார்கள். நூற்றுக்கு 70, 80 பங்கு பயிற்சி வேலையிடத்தில், மிச்சம்தான் வகுப்பறையில், பயிற்சி காலத்தில் நிறுவனம் அலவன்ஸ் தரும். கார் கழுவப் போனவனுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு வேறு என்ன இருக்க முடியும்? ஆனால் எந்தச் சேர்க்கைக் கூட்டத்திலும் அதைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை. தொழிற்சாலைகள் கூடவே நின்றால் என்ன ஆகும் என்பதற்கு நாம் ரொம்பத் தூரம் போக வேண்டாம். 1989இல் தொடங்கிய பினாங்குத் திறன் மேம்பாட்டு மையத்துக்கு என்னை என் கம்பெனியே பயிற்சிக்கு அனுப்பியது. திங்கட்கிழமை அங்கே கற்றது வெள்ளிக்கிழமை என் மெஷினில் வேலை செய்தது, சம்பளமும் வெட்டுப்படவில்லை. அந்த மாதிரி இருந்தால் யார் பாதியில் நிற்பார்கள்?

நம் இயக்கங்களும் நன்கொடையாளர்களும் சேர்க்கைக் கட்டணத்துக்குப் பணம் தருகிறார்கள், நன்றி. அதில் ஒரு பகுதியை முதல் மூன்று மாதத்து எண்ணெய்க்கும் சாப்பாட்டுக்கும் வாரா வாரம் கையில் கொடுங்கள். ஒரு பையன் இரண்டு நாள் வரவில்லை என்றால் மூன்றாவது நாள் காலையில் வீட்டுக்குப் போன் போட ஓர் ஆளை, பெயர் சொல்லி, நியமியுங்கள். அதற்கு அமைச்சின் அனுமதியெல்லாம் வேண்டியதில்லை.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன் ஐயா. எஸ்.பி.எம். முடிவு வந்ததும் இந்த நிலையங்கள் எல்லாம் உங்களிடம்தான் விளம்பரம் கொண்டுவரும், அரைப் பக்கம், முழுப் பக்கம் என்று. போன தொகுதியில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் சான்றிதழோடு வெளியே போனார்கள் என்று இரண்டே இரண்டு எண்களை விளம்பரத்தின் அடியில் போடச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். தர மறுக்கிற நிலையத்தின் விளம்பரத்தை என்ன செய்வது என்பதை உங்கள் முடிவுக்கே விடுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வயரிங் பயிற்றுநர்,
செபராங் பிறை, பினாங்கு