கட்சி இல்லாத எம்.பி.யும் வீட்டு பேட்டரியும்

வொடோங்கா, ஆஸ்திரேலியா

அன்புள்ள கல்யாணிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ரிட்டயர் ஆன பிறகும் பழைய மின்சார ஆபீஸிலிருந்து போன் வருகிறது என்று சலித்துக்கொண்டு எழுதியிருந்தாய். வராமல் இருந்தால்தான் உனக்கு வருத்தமாக இருந்திருக்கும், எனக்குத் தெரியும். இங்கே எல்லாரும் நலம். குளிர் வந்தால் இவருக்கு முழங்கால் பிடித்துக்கொள்கிறது, மற்றபடி குறை இல்லை.

"சுயேச்சைக்கு ஓட்டுப் போட்டு என்ன லாபம், அதுவும் பருவநிலை பற்றிப் பேசுகிற சுயேச்சைக்கு?" என்று கேட்டிருந்தாய். நம்மூரில் சுயேச்சை என்றதும் டெபாசிட் நினைவு வருவது நியாயம்தான். ஆனால் இங்கே ஓட்டுச் சீட்டில் ஒருவரை மட்டும் குத்திவிட்டு வர முடியாது. எல்லா வேட்பாளர்களையும் ஒன்று, இரண்டு என்று வரிசைப்படுத்த வேண்டும். கடைசியில் இருப்பவரைக் கழித்து, அவருக்கு விழுந்த ஓட்டுகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றிக்கொண்டே போவார்கள். எங்கள் இண்டை தொகுதியில் 2013-இல் சுயேச்சை கேத்தி மெக்கோவன் அப்படித்தான் ஜெயித்தார். முதல் விருப்ப ஓட்டில் பின்தங்கியிருந்தவர், முடிவில் 439 ஓட்டு வித்தியாசத்தில் வந்தார். அதற்கு முன்பே ஆதரவாளர்கள் வீடு வீடாகச் சின்னக் கூட்டங்கள் போட்டு, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டு எழுதி வைத்திருந்தார்கள். 2019-இல் அவர் விலகியதும் இன்னொரு சுயேச்சை, ஹெலன் ஹெய்ன்ஸ் வந்தார். நர்ஸாகவும் பிரசவம் பார்ப்பவராகவும் வேலை செய்தவர். எங்கள் எம்.பி. இவர்தான்.

அவர் வந்த முதல் கோடையிலேயே காட்டுத்தீ. எங்கள் தொகுதியின் கொரியோங் பக்கமெல்லாம் மின்சாரமில்லாமல், சாலை துண்டிக்கப்பட்டுக் கிடந்தது. அதைப் பார்த்த ஊர்களில் பருவநிலை மாற்றம் நிஜமா என்று பட்டிமன்றம் நடத்த வேண்டியதில்லை. ஆனால் கார்பன் கணக்கை எடுத்து நீட்டினாலும் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். இது விவசாய மண், பழமைவாதக் கட்சிகளுக்கு ஓட்டுப் போட்டுப் பழகிய மண். ஹெய்ன்ஸ் வேறு பக்கமாக வந்தார்: காற்றும் வெயிலும் நிலமும் எங்களுடையது, வருமானம் மட்டும் ஏன் வெளியே போகிறது?

2021-இல் அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதாவின் (அரசு கொண்டுவராமல், ஒரு எம்.பி. தானாகக் கொண்டுவருவது) உயிர் அதில்தான் இருந்தது. கிராமப்புறங்களில் உள்ளூர் மின்சாரத்துக்கென்று தனி அமைப்பு வேண்டும். ஊர்க்காரர்கள் சேர்ந்து தொடங்கும் திட்டங்களுக்கு வல்லுநர் உதவியும் முதலீட்டுக்குப் பக்கபலமும் வேண்டும். பெரிய கம்பெனி புதிதாகக் காற்றாலையோ சோலார் பண்ணையோ வைத்தால், உரிமையில் 20 சதவீதத்தை அந்தப் பகுதி மக்கள் வாங்கிக்கொள்ள வாய்ப்புத் தர வேண்டும். இந்த 20 சதவீதம் எனக்கு ரொம்பப் பிடித்தது. கோயிலுக்கு நன்கொடை, கிரிக்கெட் கிளப்புக்குச் சட்டை என்பதெல்லாம் கம்பெனி நினைத்தால் கொடுப்பது, நினைக்காவிட்டால் நிற்பது. பங்கு அப்படியில்லை. காற்றாடி சுற்றினால் எனக்கும் காசு என்றால், அதைப் பார்க்கிற கண்ணே மாறிவிடும். மசோதா நிறைவேறவில்லை, அது எதிர்பார்த்ததுதான்.

அவருக்கு இந்த யோசனை வானத்திலிருந்து விழவில்லை. இதே தொகுதியில் யாக்கண்டாண்டா என்று ஒரு சிற்றூர். பெட்ரோல் பங்க் மூடப்போகிறது என்றதும் ஊரே பங்கு போட்டு அதை வாங்கி நடத்திய ஆட்கள். 2014-இல் முழுக்கப் புதுப்பிக்கத்தக்க மின்சாரத்துக்கு மாறுவோம் என்று கிளம்பி, 2022 என்று கெடு வைத்துக்கொண்டார்கள். 2021-இல் பழைய மரம் அறுக்கும் மில் ஒன்றில் ஊர்ப் பொது பேட்டரி வைத்தார்கள், 274 கிலோவாட்-மணி, அதாவது 274 யூனிட் பிடிக்கும். உனக்கு அது சின்னப் பிள்ளை விளையாட்டாகத் தெரியும். பகலில் கூரைகள் கொட்டும் மின்சாரத்தை அங்கேயே பிடித்து வைத்துச் சாயங்காலம் திருப்பிக் கொடுக்கிற வேலை. அளவை விட, அதைச் செய்தது யார் என்பதைப் பார்.

அப்புறம் வந்ததுதான் வேடிக்கை. கூரை சோலாருக்கு இங்கே மத்திய அரசு சான்றிதழ் முறையில் (சோலார் வைத்தால் கிடைக்கும் சான்றிதழுக்குச் சந்தையில் விலை உண்டு) விலையைக் குறைத்துத் தருகிறது. அந்தச் சட்டத்தில் பேட்டரியையும் சேருங்கள் என்று 2022-இல் ஹெய்ன்ஸ் இன்னொரு மசோதா கொண்டுவந்தார். காரணம் உனக்கே புரியும்: நடுப்பகலில் மின்சாரம் வழிகிறது, சாயங்காலம் ஏழு மணிக்குப் போதவில்லை. எங்கள் விக்டோரியா மாநிலத்தில் ஒரு காலத்தில் கூரை சோலாரிலிருந்து கிரிட்டுக்குக் கொடுக்கும் யூனிட்டுக்கு 60 சென்ட் தந்தார்கள். 2024-25-இல் குறைந்தபட்ச விலை 3.3 சென்ட். அந்த பேட்டரி மசோதாவும் பெயர் சொல்லாமல் செத்தது. ஆனால் 2025 ஜூலை 1 முதல் அரசே வீட்டு பேட்டரிக்கு ஏறக்குறைய 30 சதவீதம் தள்ளுபடி தரத் தொடங்கியது. அதே சான்றிதழ் வழி; பெயர்கூட அவர் மசோதாவில் இருந்ததேதான். ஆரம்ப ஒதுக்கீடு 230 கோடி டாலர்.

உன் கேள்விக்கு என் பதில் இதுதான் கல்யாணி. சுயேச்சையால் சட்டம் போட முடியாது. வாசகம் வாசகமாக எழுதி மேசையில் வைக்க முடியும். பெரிய கட்சிக்கு அவசரமாக ஒரு திட்டம் தேவைப்படும் நாளில் அது தயாராக இருக்கும். சிட்னி வாரிங்கா தொகுதியில் முன்னாள் பிரதமர் டோனி அபட்டையே தோற்கடித்த ஸாலி ஸ்டெகாலும் இப்படித்தான் செய்தார். 2020-இல், பிரிட்டனின் 2008 சட்டத்தை மாதிரியாக வைத்து ஒரு பருவநிலை மசோதா கொண்டுவந்தார், அது நகரவில்லை. ஆட்சி மாறிய பின் 2022-இல் அரசே ஒரு சட்டம் நிறைவேற்றியது: நாட்டின் கார்பன் வெளியேற்றத்தில் 2005 அளவிலிருந்து 2030-க்குள் 43 சதவீதம் குறைப்பு. சுயேச்சைகளின் சில திருத்தங்களும் அதில் ஏறின. கான்பெராவின் சுயேச்சை செனட்டர் டேவிட் போகாக்குக்கு மட்டும் கொஞ்சம் நேரடிப் பலம் உண்டு, மேலவையில் அரசுக்குப் பெரும்பான்மை இல்லாததால். 2014-இல் நிலக்கரிச் சுரங்க எந்திரத்தில் தன்னைச் சங்கிலியால் பூட்டிக்கொண்ட ரக்பி வீரர் அவர்!

இதற்காக நான் கண்மூடி ஆதரவாளர் ஆகிவிட்டேன் என்று நினைக்காதே. பேட்டரி தள்ளுபடி யாருக்குப் போகிறது? சொந்தக் கூரை உள்ளவருக்கு. வாடகை வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டும். 20 சதவீதப் பங்கும் கையில் பணம் இருந்தால்தான் வாங்க முடியும். தொகுதிக்குள்ளேயே டெடராங்கில் பெரிய பேட்டரி நிலையங்கள் வரும் என்றதும், காட்டுத்தீ பூமியில் இது வேண்டாம் என்று ஊர் எதிர்த்து நிற்கிறது. தூய மின்சாரம் பேசிய எம்.பி. அங்கே இரு பக்கத்துக்கும் காது கொடுத்தாக வேண்டும். சொந்த மக்கள் ஒரு திட்டத்தை எதிர்க்கும்போதுதான் இந்த மாதிரி அரசியலுக்கு உண்மையான பரீட்சை. கட்சிக்காரர் மேலிடத்தின் மேல் பழியைப் போட்டுவிடலாம், இவரால் முடியாது. போதாததற்கு, 2025 தேர்தலில் ஆளும் லேபர் கட்சி 150-இல் 94 இடம் பிடித்துவிட்டது. கீழவையில் அரசுக்கு யார் தயவும் வேண்டியதில்லை.

சரி, ஒரு தொழில் சந்தேகம். தெருவுக்கு ஒரு பொது பேட்டரியா, வீட்டுக்கு ஒன்றா, எது டிரான்ஸ்ஃபார்மருக்கு நல்லது? இங்கே விற்பவர்கள் எல்லாரும் அவரவர் சரக்கைத்தான் சொல்கிறார்கள். எங்கள் வீட்டுக்கு வாங்குவதா என்று இவரும் நானும் ஒரு முடிவுக்கு வரவில்லை. உன் பதில் வரும்வரை கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன், அதனால் சீக்கிரம் எழுது.

அன்புடன்,
வசந்தா