டெல்லி கணேஷ் நினைவு மாலை: கல்பாத்தியிலிருந்து நன்றி

நடிகர் டெல்லி கணேஷுக்காகப் பாலக்காட்டுக் கல்பாத்தியில் நாங்கள் நடத்திய நினைவு மாலை நல்லபடியாக முடிந்தது. கை கொடுத்தவர்கள் பலர். நேரில் சொல்ல விட்டுப்போனவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்த மடல்.

2024 நவம்பர் 9-ஆம் தேதி இரவு, 80 வயதில் அவர் காலமானார். ஊர் தேருக்குத் தயாராகிக்கொண்டிருந்த நேரம், எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கத் தன் வீட்டுக் கூடத்தையே திறந்துவிட்ட மாமிக்கு முதல் நன்றி. கொழிஞ்சாம்பாறையிலிருந்து புரொஜெக்டரை பைக்கில் கட்டிக்கொண்டு வந்து, கரண்ட் போனதும் ஓடிப்போய் இன்வெர்ட்டர் வாங்கிவந்த தம்பிக்கு அடுத்தது.

விமானப்படையில் இருந்து ஓய்வுபெற்ற எங்கள் தெரு மாமா பேசியது எல்லோருக்கும் பிடித்திருந்தது. வல்லநாட்டுக் கணேசன் 1964 முதல் 1974 வரை விமானப்படையில் இருந்தவர், டெல்லியில் தட்சிண பாரத நாடக சபாவில் நடித்ததால்தான் பெயருக்கு முன்னால் அந்த ஊர் ஒட்டிக்கொண்டது, பிறகு கே. பாலசந்தர் ‘பட்டின பிரவேசம்’ படத்தில் சினிமாவுக்குக் கொண்டுவந்தார். வேலையை விட்டுவிட்டு நடிக்கப் போவது அந்தக் காலத்தில் எவ்வளவு பெரிய துணிச்சல் என்று மாமா சொன்னபோது அவருக்கே குரல் தழுதழுத்தது.

‘சிந்து பைரவி’யில் அவர் மிருதங்க வித்வான் குருமூர்த்தி. குடித்துவிட்டுக் கச்சேரிக்கு வந்ததற்காகப் பாடகர் அவரை அனுப்பிவிடும் காட்சியை, இங்கே பிள்ளைகளுக்கு மிருதங்கம் சொல்லித்தரும் வாத்தியார் மறுபடி போடச் சொன்னார். மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயரைக் கொண்டாடும் ஊர் இது. இங்கே ஒரு வாத்தியாரிடம் அப்படிப் பெயர் வாங்குவது சாதாரணமில்லை.

அப்புறம் ‘மைக்கேல் மதன காமராஜன்’. அதில் சமையல்காரராக வரும் அவர் பாத்திரத்துக்கும் பாலக்காட்டு மணி ஐயர் என்றே பெயர். கல்யாண சாம்பாரில் மீன் விழுந்த காட்சிக்குக் கூடமே சிரித்தது. ஊரில் எத்தனையோ கல்யாணங்களுக்குத் தேஹண்டம், அதாவது விருந்துச் சமையல், செய்த பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. “அடுக்களைல தப்பு நடந்துடுத்து, பந்திக்குத் தெரியப்படாது. அந்தப் பயம் அவர் மொகத்துல அப்படியே இருக்கு, பாருங்கோ” என்றார். திருநெல்வேலிச் சீமையில் பிறந்த ஒருவரை எங்கள் சமையல்காரர்கள் தங்களில் ஒருவராக எடுத்துக்கொண்டுவிட்டார்கள். குணச்சித்திர நடிகருக்கு இதைவிடப் பெரிய விருது உண்டா என்று எனக்குத் தெரியவில்லை. அன்று இடிச்சுப் பிழிஞ்ச பாயசம் செய்து, கூலி வாங்க மறுத்தவரும் அந்தப் பெரியவர்தான். அவருக்கு எங்கள் நமஸ்காரம்.

நாற்காலி தூக்கிய, இலை எடுத்த பிள்ளைகளுக்கும் நன்றி. அவர்களில் ஒருத்தி ‘பசி’ படத்தில் அவர் ரிக்‌ஷாக்காரராக நடித்ததைக் கேள்விப்பட்டு, அதையும் போடச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். புரொஜெக்டர் தம்பி வருகிறேன் என்று சொல்லியாயிற்று. நாள் முடிவானதும் எல்லோருக்கும் சொல்லி அனுப்புகிறோம்.